வலது காதுப் பஞ்சு

இரண்டு விரலுக்கு நடுவில் பஞ்சைத் திரித்து, முத்துசுப்பிரமணியன் ஐயாவின் வலது காதுக்குள் மெல்லச் செலுத்திக்கொண்டிருந்தேன். திரி மஞ்சளாக வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தேன். பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரத் துரைசாணி, மூக்கும் ஒரு கருவிதான் என்பாள். பழைய சீழ் என்றது அந்தக் கருவி.

"இந்தக் காது கீழ இருக்கும்படி தலையைச் சாய்ச்சே வச்சிருங்க. சீழ் தங்காம வடிஞ்சிரும். பஞ்சையும் எடுக்கப்படாது" என்றேன்.

"கண்ணை மூடி உக்காருதப்பவுமா?"

"அப்பவுந்தான்."

"சாரம்மா, இது வெளிய தெரியவேண்டாம். காது நாறுதுன்னா ஒருத்தன் பக்கத்துல வரமாட்டான்."

வாக்குக் கொடுத்தேன். இது 1903இல்.

ஐயா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி வாத்தியார். சேரன்மகாதேவிப் படித்துறை மண்டபத்தில் தினமும் காலை அரைமணி நேரம் பத்துப் பன்னிரண்டு பேரோடு கண்ணை மூடி உட்காருவார். மந்திரம் கிடையாது. முடிந்ததும் ஏதாவது வேடிக்கைக் கதை சொல்லுவார்; எல்லாரும் சிரித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். வாரம் இருமுறை காது துடைக்கப் போன நானும் ஓரத்தில் உட்கார்ந்தேன். நாளெல்லாம் முனகல் கேட்கிறவளுக்கு அரைமணி அமைதி கசக்குமா? ஞாயிறு ஆராதனையை விட்டுவிடவில்லை. கர்த்தர் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

இரண்டு மாதத்தில் பார்க்கிறேன், வரிசையாக எல்லாத் தலையும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஐயாவிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தார். "விடு, நாளைக்கு நிமிந்திருவானுவ."

நிமிரவில்லை. இன்னொரு தலையும் சாய்ந்தது. அது என்னுடையது. எதற்காகச் சாய்க்கச் சொன்னோம் என்று தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். ஆனாலும் சாய்த்தால் மனசு சீக்கிரம் அடங்குவதுபோல இருந்தது. என் மருந்துச் சீட்டை நானே கும்பிட்டேன்.

1909இல் ஐயா காய்ச்சலில் போனார். சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகன் ராமசுப்பு வந்து மண்டபத்தை ஏற்றுக்கொண்டான். அப்பாவின் காதைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா காதில் பஞ்சோடு சாய்ந்து உட்கார்ந்த விதம் மட்டும் தெரியும். அரைமணி என்பது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. கதையும் சிரிப்பும் நின்றன. எவ்வளவு சாய வேண்டும் என்று காதுக்கும் தோளுக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தான். உள்ளிருந்து எழும் நாதம் வெளியே சிந்திவிடாமல் இருக்க வலது காதில் பஞ்சு கட்டாயம். பஞ்சு திரிக்கும் பாக்கியம் எனக்கு. கடைசிக் காய்ச்சலில் ஐயாவைத் தொட்ட கையாம்! முன்வரிசையில் எனக்குத் தனிப்பாய் போட்டார்கள். நாற்பது பேருக்குத் திரித்தேன், பெருமையாக.

பாளையங்கோட்டை வண்டிக்காரர் காஜா முகைதீன் ஒருநாள் கூட்டம் கலைவதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஊரே ஒருபக்கம் பாரம் ஏத்துன வண்டி மாதிரி போவுது? அச்சு முறிஞ்சிராம!" என்றார். அறியாதவர் என்று அவர்மேல் இரக்கப்பட்டேன்.

அச்சு ராமசுப்பு வீட்டில்தான் முறியப் பார்த்தது. பிறகு அவனுக்குக் கல்யாணமாகிப் பிறந்த மகள் ராஜாம்பாளை மூன்று வயதிலிருந்து சாய்த்து உட்காரவைத்தார்கள். ஒன்பது வயதில் ஒருநாள் இடப்பக்கமிருந்து கூப்பிட்டேன். பிள்ளை கழுத்தைத் திருப்பவில்லை. உடம்போடு முழுசாகத் திரும்பினாள். தொட்டுப் பார்த்தேன். வலப்பக்கத்துத் தசை நார்க்கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. இன்னும் ஓரிரு வருஷம் விட்டால் ஆயுசுக்கும் நிமிராது.

ராமசுப்புவிடம் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில். "அப்பா அவ கழுத்துல வந்து உக்காந்திருக்காங்க அக்கா." மறுநாளே பிள்ளையை மணையில் உட்காரவைத்து எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள்.

அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மூன்று வாரம் திறக்கவில்லை. கொடுத்த வாக்குதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் காரணம் அந்தத் தனிப்பாய்.

மூன்றாவது வாரம் ராஜாம்பாள் என்னிடம் வந்து, "அத்தே, எனக்கு இடது பக்கம் ஆறு தெரிய மாட்டேங்கு" என்றாள். அழவில்லை, சும்மா சொன்னாள்.

அன்று மாலை பஞ்சு திரிக்கவில்லை. காது கழுவும் பீச்சாங்குழலை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் வைத்தேன். "ஐயாவுக்கு வலது காதுல சீழ் வடிஞ்சுது. சாய்க்கச் சொன்னது நான். பஞ்சு வச்சதும் நான். இதுல நாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பின்வரிசைக் கிழவர் ஒருவர் காதிலிருந்த பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

ராமசுப்பு எழுந்தான். "அப்பாவைச் சீக்காளின்னு சொல்லுதியளா?"

"ஆமா. நல்ல மனுசன், சீக்காளி. பொய்யின்னா இந்தக் குழலைக் கேளு."

"அப்பம் நீங்க ஏன் இத்தனை வருசம் சாய்ஞ்சிய?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா போனபிறகு அந்த மண்டபத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"உன் அப்பா காதை நான் நிமுத்த முடியாது. உன் மவ கழுத்தை நிமுத்தலாம். காலையில கூட்டிட்டு வா. வராட்டி நான் உன் வீட்டுக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு, என் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மறுநாள் காலை ராமசுப்பு பிள்ளையோடு வந்தான். இரவு தூங்காத முகம். நான் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, இறுகின தசையில் ஒத்தடம் கொடுத்தேன். பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தேன். "வலிக்குதாட்டி?"

"கொஞ்சம். அத்தே, நீங்க ஏன் சாய்ஞ்சு பாக்கிய?"

நிமிர்ந்துதான் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். என் கழுத்துக்கும் ஒரு முடிச்சுக்கு உப்பை வறுக்கப் போட்டேன்.

ராமசுப்பு நோட்டையும் பென்சிலையும் எடுத்துவிட்டான். "எத்தனை தரம் அக்கா? வெயிலுக்கு முன்னாலயா, பொறவா? எந்தத் திசை பாத்து உக்காரணும்?"

பென்சிலைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டு, சூட்டு முடிச்சை அவன் கையில் கொடுத்தேன்.