முனியின் முதல் குவளை

பயப்படுவதில் பிரேமாவதி கைதேர்ந்தவள். இடிக்குப் பயம், இருட்டுக்குப் பயம் என்று ஊரார் படும் பயமெல்லாம் அவளிடம் கிடையாது. செமிலிங் டவுனைத் தாண்டி உள்ளே, செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பாம்பைக் கண்டால் விளக்குமாற்றால் ஒரு போடு போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசலைக் கூட்டுவாள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆம்பளையின் வாய் வாடைக்கு.

அந்தப் பயம் தோட்டத்துக் கள்ளுக்கடையில் தொடங்கியது. செங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் இரும்புக் கம்பி போட்ட நீண்ட மேடை. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஊற்றுவார்கள், இந்தப் பக்கம் நின்று குடிப்பார்கள். சம்பள நாளில் அப்பாவைக் கூட்டி வர அம்மா அவளைத்தான் அனுப்புவாள். அப்பா குவளையும் கையுமாகத் திரும்பிப் பார்த்து, “ஒரு வாய்தான்மா, இந்தா வந்துட்டேன்” என்பார். அந்த ஒரு வாய்க்கு முடிவே இருந்ததில்லை. ஒரு மத்தியானம் அந்தக் கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில்தான் அவரைக் கண்டெடுத்தார்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அண்டாது என்பார்கள். விதிக்கு அந்தப் பழமொழி தெரியவில்லை போலிருக்கிறது. குடிக்காத மாப்பிள்ளை என்று சொல்லித்தான் புவனேசனைக் கட்டி வைத்தார்கள். கூரை வேலையில் கெட்டிக்காரன், வாய்ச் சொல்லில் சர்க்கரை. கல்யாணமான மறு வருஷமே சர்க்கரை கரைந்து சாராயம் தெரிந்தது. அதற்குள் கள்ளுக்கடையை மூடிவிட்டார்கள் என்பதால் என்ன, டவுனில் கடைக்கா பஞ்சம்? கடைசியில் ஈரல் வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இனி ஒரு சொட்டு உள்ளே போனால் ஆள் மிஞ்சமாட்டான் என்று.

அன்றோடு புவனேசன் விட்டான். உண்மையாகவே விட்டான். ஆனால் பிரேமாவதியின் பயம் விடவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று அவன் கையிலிருக்கும் தூக்குச்சட்டியை வாங்குவாள். வாங்கும் சாக்கில் நெருங்கி ஒரு மூச்சு இழுப்பாள். சிமெண்டு வாடையும் வேர்வையும் மட்டும் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். அவனுக்கு இது தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்படி மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவளிடம்தான் சசிதரன் வந்து சேர்ந்தான். தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வசிக்கும் பள்ளி ஆசிரியர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று துடிக்கும் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளால்தான் பாதி வில்லங்கம் வருகிறது. பிள்ளைகளுக்கு டியூஷன், பெண்களுக்குத் தையல், கருமாதி வந்தால் உட்காரவாவது ஓர் இடம் வேண்டும். பாழடைந்து கிடக்கும் கள்ளுக்கடையைச் சரி செய்து மண்டபமாக்கிக்கொள்ள மேனேஜர் சம்மதித்துவிட்டார் என்றான். கூரை வேலைக்குப் புவனேசன் அண்ணனை விட்டால் ஆளில்லை என்றும் சொன்னான்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. புவனேசனின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு களை வந்திருந்தது. ஊர் அவனைக் குடிகாரன் என்று கூப்பிட்ட வாயாலேயே தலைமை மேஸ்திரி என்று கூப்பிடுகிறதே, அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வில்லங்கம் வேறு பக்கமிருந்து வந்தது. கடைக்குப் பின்னால் அரசமரத்தடியில் முனியாண்டி இருந்தார். சூலமும் செங்கல் மேடையும்தான், ஆனாலும் காவல் தெய்வம். அவர் எல்லையில் கூரையைப் பிரிக்குமுன் படையல் போடவேண்டும். சுருட்டு, கோழி, கள். முனி குடித்த மிச்சத்தில் முதல் குவளை வேலையைத் தொடங்குகிறவனுக்கு. அதை மறுத்துவிட்டுக் கூரையேறினவன் முழுசாக இறங்கமாட்டான் என்பது தோட்டத்து வழக்கம். பூசாரி பழனியாண்டிதான் இதையெல்லாம் சொன்னார்.

அவள் பூசாரியிடமே போய்க் கெஞ்சிப் பார்த்தாள். பழனியாண்டி கெட்ட மனிதர் அல்ல, பிடிவாதக்காரர்.

“சாமி குடுக்கறது எப்படிம்மா போதையாவும்? நீ சும்மா பயந்துக்கற லா,” என்றார்.

சசிதரன், புவனேசனுக்குப் பதில் தான் குடிப்பதாகச் சொன்னான். கூரையேறுகிறவனே குடிக்கவேண்டும் என்று பூசாரி சொன்னதில் அதுவும் எடுபடவில்லை. புவனேசனிடம் கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆணிகளை எண்ணத் தொடங்கினான்.

எனவே பிரேமாவதி ஒரு காரியம் செய்தாள். படையல் சாமான்களை அடுக்கும் பொறுப்பை வலியப் போய் வாங்கிக்கொண்டாள். பண்டார் பாரு டவுன் பக்கமிருந்து வந்த கள்ளுப் போத்தலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, இளநீரில் புளித்த நீராகாரத்தைக் கலந்து செம்பில் ஊற்றி மூடி வைத்தாள். பார்வைக்கு வெள்ளை, மோந்தால் புளிப்பு. முனியை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

படையல் முடிந்தது. பழனியாண்டி குவளையை நீட்டினார். புவனேசன் இரண்டு கையாலும் வாங்கி வாயில் வைத்தான். அவள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மிடறு இறங்கியதும் அவன் முகம் மாறியது. ஏமாந்த முகம். பாலென்று நம்பிச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்த குழந்தையின் முகம். அடுத்த கணம் அதை மறைத்துக்கொண்டு மிச்சத்தையும் குடித்து, வாயைத் துடைத்து, ஏணியில் ஏறிவிட்டான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவன் கள்ளுக்காகக் காத்திருந்திருக்கிறான். அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றுக்கு இரண்டு பயம்.

வேலை நடந்தது. துருப்பிடித்த தகரங்கள் இறங்கின. சுவரைப் பிளந்திருந்த அரசமர வேரை அறுத்தெடுத்துப் பூசினார்கள். பெண்கள் தரையைத் தேய்த்துத் தேய்த்துப் பழைய சிவப்புச் சிமெண்டை வெளியே கொண்டுவந்தார்கள். சசிதரன் கம்பி மேடையை மட்டும் பழைய ஞாபகத்துக்கு அப்படியே வைக்கலாம் என்றான். புத்தகம் அடுக்க வசதியாம். பிரேமாவதி அந்தப் பக்கமே போகவில்லை. தினமும் மரத்தடியைக் கடக்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மேலே கணவனின் சுத்தியல் சத்தம் நின்றால் இவளுக்கு மூச்சு நின்றது. ஒரு தகரம் காற்றில் படபடத்தாலும் முனி பேசுவதாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கூரை மூடப்போகும் வாரத்தில் ஒரு பழைய உத்தரம் முறிந்து விழுந்தது. புவனேசனின் தோளுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கரையான் தின்ற மரம் விழத்தான் செய்யும், அதன் உள்ளெல்லாம் தூளாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் வாய்க்குக் கரையான் போதாது. முனி கோபித்துக்கொண்டார், படையலில் குறை, மறுபடி போட்டால்தான் வேலை நடக்கும் என்று பேச்சு பரவியது. இந்தத் தடவை கள்ளைத் தானே கொண்டு வந்து தானே ஊற்றுவதாகப் பழனியாண்டி சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புவனேசன் சோறு வேண்டாம் என்றான். முகம் மழித்து, குளித்து, தீபாவளிப் பெருநாள் சட்டையை எடுத்துப் போட்டான். படையலுக்கு இன்னும் நேரமிருக்க, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். அவள் அவன் கையைப் பிடித்தாள். வேண்டாங்க, ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

“ஒரு வாய்தானே, பிரேமா. சாமி விஷயம்,” என்றான். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவின் குரல் அது.

மரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. சுருட்டுப் புகைந்தது. பழனியாண்டி போத்தலைத் திறந்ததும் அந்த வாடை எழும்பி வந்தது. புவனேசன் முன்னால் போனான். குவளை நிரம்பியது. அவன் கை நீண்டது. பிரேமாவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

“அன்னிக்குச் செம்புல இருந்தது கள்ளு இல்ல, பூசாரியண்ணே. நீராகாரம். நான்தான் மாத்துனேன்,” என்றாள். “சாமிக்கு என் மேலதான் கோவம். குத்தம் செஞ்சவதான குடிக்கணும்? அந்தக் கொவளைய எங்கிட்ட குடுங்க.”

பழனியாண்டி அவளைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார். குற்றம் செய்தவர் கையேந்தினால் மறுக்க அவருக்கும் வழக்கமில்லை. குவளையைக் கொடுத்தார். வாழ்நாளில் உதட்டில் படாத அந்தச் சனியனை அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். அப்பாவின் சட்டை வாடை நெஞ்சில் இறங்கியது. கண்ணைத் திறந்தபோது புவனேசன் அவளைப் பார்க்கவில்லை. காலிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, முனி திருப்தியாகிவிட்டார் என்று பழனியாண்டி அறிவித்தார். சசிதரன் புது உத்தரத்துக்கு ஆள் கூப்பிட்டான். புவனேசன் பெருநாள் சட்டையோடு ஏணியில் ஏறினான். பிரேமாவதி வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தாள். தலை சுற்றியது. பிரசாதத்தைக் குடித்துவிட்டு உடனே வாய் கொப்பளிப்பது சாமிக்கு அவமரியாதை. ஏற்கெனவே ஒரு தடவை செய்தது போதும் என்று அப்படியே கிடந்தாள்.

சாயங்காலம் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனாள். தண்ணீர் கொண்டுபோன தூக்குச்சட்டியை வாங்கக் கை நீட்டினாள். பழக்கம் விடுமா, நெருங்கி மூச்சை இழுத்தாள். மரத்தூள், வேர்வை. வேறொன்றுமில்லை. இழுத்த மூச்சை நிம்மதியாக விட்டாள்.

அது அவன் முகத்தில் பட்டது. புவனேசன் அசையாமல் நின்றான். கண் மூடிக்கொண்டது, மூக்கு விடைத்தது. அவள் தினமும் இழுத்ததைப் போலவே அவனும் இழுத்தான், ஆனால் நீளமாக. சட்டியின் கைப்பிடியை விடவில்லை. அவன் பிடியில் மூடி கடகடவென்று அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவன் இரண்டடி பின்னால் போய், வாசல்படியை விட்டு இறங்கினான்.

“நீ உள்ள போய் வாய் கொப்பளி, பிரேமா. நல்லா கொப்பளி,” என்றான். “அதுவரைக்கும் நான் உள்ள வரல.”

பிரேமாவதி முனியை மறந்து குளியலறைக்கு ஓடினாள். குழாயைத் திறந்துவிட்டு, உப்பைப் போட்டு, பல்பொடியைப் போட்டு, மறுபடி மறுபடி கொப்பளித்தாள். ஒவ்வொரு தடவை துப்பிய பிறகும் குழாயை மூடி, வெளியே அவன் செருப்புச் சத்தம் டவுன் பக்கம் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள்.