மயக்க ஊசிக்கு முன் ஒரு ஜெபம்

1. கூப்பிடுங்க அவளை

"ஜெஸ்லின் எங்கே? அவளைக் கூப்பிடுங்க."

கேட்பவர் மயக்க டாக்டர், ஊசியோடு நிற்கிறார். மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் நடுங்குகிறாள். ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டரான நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை ஒரு ஆளாகவே யாரும் நினைக்கவில்லை.

இதெல்லாம் நடந்தது கருங்கல் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில்; அங்கே வேலை பார்த்து, போன வருஷம் ரிட்டையர் ஆனேன். கத்தி வைக்கும் முன் ஜெபம் பண்ணுவது அங்கே வழக்கம். ஸ்பைனல் ஊசி போடும்போது நோயாளி முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டும். பயந்தவர்கள் எங்கே அசையாமல் இருப்பார்கள்? ஜெஸ்லின் முன்னால் நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை ஜெபித்தால் நடுக்கம் நிற்கும். ஊசி ஒரே தடவையில் இறங்கும்.

நான் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியாரின் மகள். பேச்சு வந்த நாள் முதல் ஜெபம் பண்ணுகிறவள். அவளோ குளச்சலிலிருந்து நேற்று வந்து சேர்ந்த நர்ஸ் பெண். எனக்கு வயிறு எரிந்தது.

2. நான் பண்ணிய ஜெபம்

ஒருநாள் ஜெஸ்லின் லீவு. குடலிறக்க ஆபரேஷனுக்குக் குழித்துறைக் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். இன்றைக்குக் காட்டுகிறேன் என்று கண்ணை மூடினேன். அப்பா ஜெபிக்கும் அதே ராகத்தில், "பரம பிதாவே, இந்த அடியானின் ஆத்துமாவை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்..." என்று தொடங்கினேன்.

மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார். "சிஸ்டரே, நான் சாவப்போறேனா? எனக்க பெண்டாட்டிய விளியுங்க!"

மரணப் படுக்கையில் ஜெபிப்பதற்கு எங்கள் அப்பாவைத்தான் ஊரில் கூப்பிடுவார்கள். கூடவே போய் நான் மனப்பாடம் செய்தது அந்த ஜெபத்தை. கடைக்காரருக்கு பி.பி. ஏறி, ஆபரேஷன் தள்ளிப்போயிற்று.

"சிஸ்டர், இனிமே ஜெஸ்லினே பண்ணட்டும்" என்றார் டாக்டர். தியேட்டரே சிரித்தது. எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

3. எனக்க மகள்

பிறகு என் மகள் ஷைனி எங்கள் ஆஸ்பத்திரிக்கே பிரசவத்துக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. உடனே சிசேரியன் செய்தாக வேண்டும். ஷைனி நடுங்கிய நடுக்கத்தில் ஊசி இறங்கவில்லை. டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

"அம்மை இருக்கேன் மக்கா, பேடிக்காத" என்று அவள் பயத்தைப் போக்கப் பார்த்தேன்.

"அம்மா, ஜெஸ்லின் அக்காவ விளி."

பெற்ற மகள்! அந்தப் பெயரை என் வாயாலேயே கதவருகில் போய்க் கூப்பிட வேண்டி வந்தது.

ஜெஸ்லின் வந்து தோளைப் பிடித்தாள். "என்ன பேடி மக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளை அழாம வந்துருமோன்னு..."

ஜெஸ்லின் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, பிள்ளை அழாம வந்துருமோன்னு இவளுக்கு பேடி. எனக்கும் பேடிதான். பக்கத்துல நிக்கிற இவ அம்மைக்கு எங்க ரெண்டு பேரையும் விட பேடி. அவங்களையும் பிடிச்சுக்கிடும். ஆமென்."

அவ்வளவுதான். ஒரு வசனம் கூட இல்லை. என் பயத்தைச் சொல்ல இவள் யார் என்று கோபம் வந்தது. ஆனால் மேசையை இறுக்கிப் பிடித்திருந்த என் கை தளர்ந்துவிட்டது. ஷைனி அசையவில்லை, ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதான். நானும் அழுதேன்.

அதன் பிறகு ரிட்டையர் ஆகும்வரை, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். நோயாளிக்கு என்ன பயம் என்று முதலில் கேளுங்கள். அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அலங்காரம் வேண்டாம்.

நானும் இப்போது அப்படித்தான் ஜெபிக்கிறேன். முதல்முறை அப்படி ஜெபிக்க உட்கார்ந்தபோது வாயில் வந்தது, "ஆண்டவரே, எனக்கு ஜெஸ்லின் மேல பொறாமையா இருக்கு" என்பதுதான். சொன்னதும் மனசு லேசாயிற்று. இந்த ஆறுதலும் அவளிடம் படித்ததுதானே என்று நினைத்தேன். உடனே மறுபடியும் வயிறு எரிந்தது.