இருபது வரை எண்ணவில்லை

நாற்பது வருடம் ஒரு மனுஷி உயிரோடு காப்பாற்றி வைத்திருந்த பூஞ்சணத்தை நான் கொன்றேன். கொன்றதோடு நிற்கவில்லை. அது இருந்த இடத்தில் அழுகிய தோடம்பழத்துப் பூஞ்சணத்தை வைத்து, இதுதான் அது என்று அவரை நம்பவும் வைத்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். டென்மார்க்கின் இந்த ரண்டர்ஸ் நகரில் என்னைத் தெரிந்த எவரும் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். செத்தவீட்டிலும் பகிடி விடுகிறவன் என்று பெயரெடுத்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். அப்படிப்பட்டவனிடம் ஒரு விஞ்ஞானியின் பொருள் எப்படி வந்து சேர்ந்தது?

மொழிப் பள்ளிக்கூடத்து ஆசிரியைதான் காரணம். வகுப்பில் வாய் மூடாத என்னை, பேச ஆளில்லாத ஒரு முதியவரிடம் வெள்ளிக்கிழமைகளில் அனுப்பிவைத்தார். டெனிஷ் பழகட்டுமாம். அவர் பெயர் இங்கர். அத்தை, சித்தி என்பதுபோல் நான் இங்கர் அன்ரி என்பேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். "எங்கட ஊரில ராணியை அப்பிடித்தான் கூப்பிடுறது" என்றேன். அதையும் நம்பினார்.

ஜெர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவர் ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் இருந்தவர். பெனிசிலின் என்ற பெயர் கடல் தாண்டி வந்திருந்தது, மருந்து வரவில்லை. ஆகவே கிடைத்த பூஞ்சணத்தையெல்லாம் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமி பூசிய தட்டுகளில் ஒன்றில் மட்டும், பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமியே இல்லாத வெறும் வளையம் விழுந்தது. அந்தப் பூஞ்சணத்தைத் தன் வீட்டு ஜாம் போத்தலின் மூடியிலிருந்து எடுத்து வந்தவர் இங்கர் அன்ரி. யுத்தம் முடிந்து கட்டுரை வெளிவந்தபோது அதில் நான்கு ஆண்களின் பெயர்கள் இருந்தன. இவர் போய்க் கேட்டதற்கு, நீ போத்தல் கழுவினவள்தானே என்றார்களாம்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. பூஞ்சணத்தில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். மூன்று சோதனைக்குழாய்கள், பஞ்சு அடைப்பு, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுக் குழாய்களுக்கு மாற்ற வேண்டும். கம்பியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, இருபது வரை எண்ணி ஆறவிட்டு, பிறகே பூஞ்சணத்தைத் தொட வேண்டும். புதியது பச்சை பிடிக்கும்வரை பழையதை எறியக் கூடாது. சட்டம் இவ்வளவுதான். அவர் எண்ணுவதை நான் மூக்கால் எண்ணிக் காட்டி, எங்கள் அறைப் பொடியன்களை எத்தனை தரம் சிரிக்க வைத்திருப்பேன்...

போன கோடையில் ஒரு பல்கலைக்கழகக்காரர் எழுதியிருந்தார். யுத்தகால மருந்துகள் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். இங்கர் அன்ரியின் பூஞ்சணம் இன்றும் அந்த வளையத்தைக் காட்டினால், அவர் பெயரும் சுவரில் ஏறும். கடிதத்தை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவருக்குக் கண்ணில் வெண்படலச் சத்திரசிகிச்சை. மாற்றும் நாளும் அதே வாரம்.

"இந்த முறை நீர் செய்யும். உம்மட கை நடுங்காது" என்றார். டெனிஷில்தான் சொன்னார். என் காதில் அது இப்படித்தான் விழுகிறது.

என் கை நடுங்கவில்லை. அவசரப்பட்டது. தொலைக்காட்சியில் டென்மார்க் விளையாடும் பந்தாட்டம் தொடங்கப் போகிறது. ஐந்து வரை எண்ணினேன். கம்பி தொட்டதும் "சுர்" என்றது. கேட்டேன்! கேட்டும் மூன்று குழாய்களையும் அப்படியே முடித்தேன். திரும்ப வந்து கழுவ வேண்டுமே என்ற பஞ்சியில், சோம்பலில், பழைய குழாய்களை அப்போதே கொதிநீரில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். மூன்றிலும் ஒன்றுமில்லை. இன்னும் நான்கு நாள் காத்திருந்தேன். ஒன்றுமே இல்லை.

அறையில் இருந்த ராசனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"டேய், உன்ர பகிடிக்கு ஒரு அளவில்லையே? பூஞ்சணத்துக்கும் செத்தவீடோ?"

அழுதேன். அழுது நடிக்கிறேன் என்று அதற்கும் சிரித்தான். ஆயுள் முழுக்கப் பகிடி விட்டவன் உண்மை சொன்னால் யாருக்குக் கேட்கும்?

எங்கள் ஜன்னலோரம் ஒரு தோடம்பழம் பூஞ்சணம் பூத்துப்போய்க் கிடந்தது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா? அன்று கம்பியைக் காய்ச்சி, இருபது வரை எண்ணினேன். அது அழகாக வளர்ந்தது.

கண் கட்டு அவிழ்த்து வந்த இங்கர் அன்ரி குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு நீலமா இது, என்று கேட்டார். பிறகு அவரே சிரித்தார். படலம் மூடிய கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரிந்ததாம். இப்போதுதான் உண்மையான நிறம் தெரிகிறதாம். சத்திரசிகிச்சை செய்தவரைப் புகழ்ந்தார்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில்! ஆனால் அகதி வழக்கில் எனக்காக அவர் எழுதிய கடிதம் அப்போது மேசையில் இருந்தது. இவன் கைகளை நான் நம்புகிறேன் என்று அதில் ஒரு வரி. என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அந்த வரியை அவர் வெட்டுவதைப் பார்க்க வேண்டிவருமே என்ற பயம் மறு பக்கம். எது பெரிய பயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குழாய் ஒன்றை அவர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். இலையுதிர் காலத்தில் பதில் வந்தது. வளையம் விழவில்லை. இது பழங்களில் வரும் சாதாரணப் பூஞ்சணம். யுத்தகாலத்தில் அவர் வேறொருவரின் தட்டைத் தனதென்று தவறாக நினைத்திருக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அவர் கடிதத்தை மடித்தார். ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"கம்பி ஆறினதோ? இருபது வரைக்கும் எண்ணினீரோ?"

"ஓம்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். என்னை நம்பியதால் தன்னைச் சந்தேகித்தார்.

"அப்ப அவங்கள் சொன்னது சரி. நான் போத்தல் கழுவினவள்தான்."

யுத்தகாலக் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தார். பக்கம் பக்கமாகப் பென்சிலால் வரைந்த வளையங்கள். அன்று அதை அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னார். நான்தான் ஏறி வைத்தேன்.

குழாய்களை எறிந்துவிடுவார் என்று காத்திருந்தேன். எறிந்தால் எனக்கு விடுதலை. அவரோ, நாற்பது வருடம் வளர்த்தாயிற்று, அதில் அதற்கு என்ன குற்றம் என்றார்.

ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழாய் மாற்ற நான் போகிறேன். இங்கே இருக்கலாம் என்ற அனுமதியும் கிடைத்துவிட்டது. மறைப்பதற்கு இருந்த அந்தச் சாட்டும் போய்விட்டது. இருந்தும் வாய் திறக்கவில்லை. இப்போது அவருக்கு ஒரு எழுத்தும் விளங்காத தமிழில் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். இதுவும் ஒரு கள்ளத்தனம்தான், தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் மாற்றும் நாள். கம்பியை ஆறவிட்டு, சத்தமாக, ஒன்று விடாமல் எண்ணுவேன். பக்கத்து நாற்காலியில் இருந்து அவரும் கூடவே எண்ணுவார். இருபது வந்ததும், "இப்ப தொடலாம்" என்பார்.