யாருக்கும் ஒட்டாத கொப்புளம்

மாரிகுப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் பெங்களூரு ரயிலில் சீட்டு பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. துண்டு போடுவோம், டிபன் பாக்ஸை வைப்போம், பங்காருபேட்டையில் ஏறுகிறவர்களோடு தினமும் வாய்ச்சண்டை போடுவோம். எனக்குக் கொப்புளம் வந்த பிறகு அந்தத் தொல்லையே இல்லை. நான் உட்கார்ந்தால் பக்கத்து இடம் தானாகக் காலியாகிவிடும். தினமும் என்னோடு சீட்டாடுகிறவர் கதவோரம் நின்றபடியே, "இன்னாண்ணே, ஒடம்பு பரவால்லியா?" என்று கேட்பார். இப்படி ஒரு ராஜமரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

முதலில் வாய்க்குள் புண். பிறகு மார்பு, முதுகு. நீர் கோத்துத் தொளதொளவென்று நிற்கும். சட்டை உரசினால் உடைந்துவிடும். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் ஒரே தீர்ப்புதான்: சயனைடு மேட்டு மண். சயனைடு போட்டுத் தங்கம் எடுத்துவிட்டு மிச்ச மண்ணைக் கொட்டிய மேடு அது. காற்றடிக்கும் மாதத்தில் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்து விழும். இந்த ஊரில் இருமல், முடி கொட்டுவது, பிள்ளை பரீட்சையில் பெயிலாவது எல்லாவற்றுக்கும் அந்த மேடுதான் காரணம். என் மனைவியும் நம்பினாள். சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அழுக்குப் போகத் தேய்த்துக் குளிப்பாராம். அதே கணக்கில் என்னையும் தினமும் கிருமிநாசினித் தண்ணீரில் நாரால் தேய்த்தாள். தோல் நாரோடு வந்தது.

"மண்ணு போவணும்ங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்பாள்.

எரிச்சலில் திட்டுவேன். ஆனால் என்னைத் தொட்ட ஒரே ஆள் அவள்தான். அதனால் குளிக்கும் நேரத்துக்காகவே காத்திருப்பேன்.

கடைசியில் பெங்களூருவில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். நாரைப் பற்றிச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"மண்ணும் இல்ல, கிண்ணும் இல்லம்மா. இது பெம்பிகஸ். அவரோட எதிர்ப்புச் சக்தியே அவர் தோலை எதிரின்னு நினைச்சுப் பிரிக்குது. எல்லார் தோல்லயும் கிருமி இருக்கு. அதுல காவலுக்கு நிக்கிற நல்லதும் இருக்கு. நீங்க தேய்ச்சதுல அதுவும் போயிருக்கும். இப்ப புண்ணுல கெட்டது குடியேறி, நோயை இன்னும் கிளறி விடுது. நோய் மட்டும் யாருக்கும் ஒட்டாது."

ஒட்டாது என்று எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டு ரயிலேறலாமா என்று யோசித்தேன். நார் போனது, மாத்திரை வந்தது. அதில் முகம் உப்பியது. மனசும் மரத்துப்போனது. கோபம்கூடச் சரியாக வரவில்லை.

புண்ணில் அந்தக் கெட்ட கிருமி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டில் இருப்பவர்களின் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் நானும் அவளும்தான். இருவர் மூக்கிலும் அது இருந்தது. "ரொம்பப் பேருக்கு இருக்கும்மா, பயப்படாதீங்க. இந்தக் களிம்பை மூக்குல போடுங்க. கையைக் கழுவிட்டு அவரைத் தொடலாம்" என்றார். தன் மூக்கில் இருக்கிறது என்பது மட்டும்தான் அவள் மனசில் தங்கியது.

அன்றிலிருந்து கூடத்தில் படுத்தாள். முகக்கவசம் போட்டாள். முதுகுக்கு மருந்து தடவ ரப்பர் கையுறை. "நான் கிட்ட வந்தா உங்களுக்கு ஆவாதுங்க" என்றாள். ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகியது; இவள் என்னைக் காப்பாற்ற விலகினாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அதை அவளிடம் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

மறுபரிசோதனையில் அவள் மூக்கில் ஒன்றுமில்லை. என் கொப்புளங்களும் அடங்கத் தொடங்கியிருந்தன. கையுறை தேவையே இல்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த பிறகும் அதை மாட்டிக்கொண்டுதான் மருந்தோடு வந்து நின்றாள்.

"அத்தக் கழட்டு மே."

"திரும்ப வந்துட்டா? நான்தானே குடுத்தவளா ஆவேன்?"

"வந்தா வரட்டும். கழட்டு."

கழற்றினாள். கையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். பிறகு வெறுங்கையை என் முதுகில் வைத்தாள். இத்தனை மாதம் இதற்குத்தான் ஏங்கினேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

"இன்னாங்க, வலிக்குதா?" என்று கையை எடுக்கப் போனாள்.

"இல்ல. எடுக்காத" என்றேன்.