ஓட்டுநர் மூடிக்கு மேலே

முப்பது டன் டாங்கியை எங்கள் நார்ஃபோக் கிராமத்துச் சாலையில் ஓட்டிப்போய், பாதிரியார் வீட்டு மதிலை இடித்துத் தள்ளிய ஒரே கிழவி நான்தான். சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். டாங்கியை முன்னால் ஒரு டிராக்டர் இழுத்தது. நான் உள்ளே உட்கார்ந்து இரண்டு இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நகர்ந்தது பதினோரு அடி. சாய்ந்தது மதில் அல்ல, ரோஜாச் செடி, அதுவும் என்னுடையது. பேரப் பிள்ளைகளுக்கு மதில் கதையையே சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதில் கூட்டல் இருந்தால் கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. மேவிஸ் மேஸ் என் சமையலறை மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தாளை நான் முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படிக்கிறாள்.

அந்த டாங்கிக்குச் சொந்தக்காரன் சிரில் லார்ட்டர். சர்க்கரைக் கிழங்கு பிடுங்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. மனைவி போன பிறகு பேச்சு குறைந்தது, கை வேலை கூடியது. ராணுவத்தின் சுடு மைதானத்தில் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவதற்காக நாற்பது வருடம் நிறுத்தி வைத்திருந்த ஷெர்மன் டாங்கி ஒன்றை 1989இல் லாரியில் ஏற்றி வந்தான். நிறுத்த இடமில்லை. என் கணவரின் தானியக் கொட்டகை காலியாகக் கிடந்தது, கொடுத்தேன். துளை துளையாக, உள்ளே ஒரு நரிக் குடும்பத்தோடு வந்தது அது. "ரெண்டு வருஷத்துல ஓடும், பாருங்க" என்றான். பதினான்கு வருடம் ஆனது.

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் தனி இனம். சிரிலும் அவன் கூட்டாளி ட்ரெவர் டாக்கும் ஒரு பச்சை நிறத்துக்காக இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள். ஒருவன் அதில் பழுப்பு கூட வேண்டும் என்றான், மற்றவன் குறைய வேண்டும் என்றான். எஞ்சினோ ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்தது. ஸ்பார்க் பிளக் மட்டும் முப்பது. ஓட்டுநரின் தலைக்கு மேல் வரும் இரும்பு மூடியை பெல்ஜியத்தில் ஒரு விவசாயி கிணற்றின் மேல் போட்டு வைத்திருந்தான். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கிணற்றுக்குப் புது மூடி செய்து கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் சிரில் கொட்டகைச் சுவரைக் காட்டுவான். அங்கே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு புகைப்படம்: 1944, நார்மண்டி, எரிந்து முடிந்த ஷெர்மன். பக்கவாட்டில் பாதி அழிந்த எழுத்தில் 'பிளேக்னி' என்ற பெயர். அது அவன் அப்பா எர்னி பீரங்கிக்காரராக இருந்த டாங்கி. எங்களிடம் இருந்தது அதே டாங்கி அல்ல. ஆனால் ஆணி மாறாமல் அதைப்போலவே ஆக்க வேண்டும், போரில் செத்தவர்களை ஊர் கூடி நினைக்கும் நவம்பர் நினைவு ஞாயிறன்று அப்பாவின் பெயரை எழுதி ஊர் நினைவுத் தூண் வரை ஓட்டிப்போக வேண்டும். சிரிலின் ஆசை அவ்வளவுதான். அதற்காக அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வைத்துப் பார்த்தார்கள். மண்வெட்டி எந்தக் கொக்கியில் தொங்குகிறது, பெட்டியின் பூட்டு எந்தப் பக்கம், பெயர் எழுத்து எத்தனை அங்குலம், எல்லாம் அளந்தார்கள்.

பிளேக்னியில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் குதித்துத் தப்பினார்கள். ஓட்டுநர் மட்டும் எரிந்து போனார். அவர் டக்ளஸ் மேஸ், வயது இருபத்தொன்று, எங்கள் ஊர்தான். மேவிஸின் அண்ணன்.

அதிகாரி ஒருவர் அவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். 'உங்கள் மகன் வேதனைப்படவில்லை. இருக்கையைவிட்டு எழ முயலவே இல்லை.' ஆறுதலுக்காக எழுதியது அது. ஊர் அதை வேறு விதமாகப் படித்தது. பக்கத்து இருக்கைக்காரன் தன் மூடியைத் திறந்து வெளியே வந்துவிட்டானே; டக்ளஸின் மூடி மட்டும் ஏன் மூடியே கிடந்தது? பயத்தில் உறைந்துவிட்டான் என்று மதுக்கடையில் பேசிக்கொண்டார்கள். மேவிஸின் அம்மாவுக்கும் அது காதில் விழுந்தது. அதன் பிறகு அந்த அம்மாள் நினைவு ஞாயிறன்று தூணுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மேவிஸ் மட்டும் வருவாள், ஒவ்வொரு வருடமும். கூட்டம் கலையும்போது எர்னியிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எர்னி, எங்க டக்ளஸ் ஏன் வெளிய வரல?"

"தீ ரொம்ப வேகம்மா."

முப்பது வருடத்துக்கு மேல் இதே கேள்வி, இதே பதில். எர்னி நல்ல மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் வசந்தத்தில் எண்ணெய்க் குப்பியோடு மேஸ் வீட்டுக்குப் போய், யாரும் கேட்காமலே எல்லாக் கதவுக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டுவிட்டு வருவார். நண்பன் குடும்பத்துக்கு உதவி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். 1981இல் இறந்தார்.

இப்போது 2003 செப்டம்பருக்கு வருகிறேன். எஞ்சின் ஓடியது. நிறம் ஒருவழியாக முடிவானது. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் 'எ. லார்ட்டர்' என்று எழுதியாகிவிட்டது. மழைத் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம். ஒரு புதன்கிழமை காலை சிரில் ஓட்டுநர் இருக்கையில் இறங்கி, கிணற்று மூடியாக இருந்த அந்த மூடியைத் தலைக்கு மேல் இழுத்துச் சாத்திக்கொண்டான். மேலே ரப்பர் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதே நேரம் ட்ரெவர் மேல்கூண்டுக்குள் உட்கார்ந்து, கைச்சக்கரத்தைச் சுற்றிக் கூண்டைப் பீரங்கியோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பல்வளையத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. பதினோரு மணிக்கு நான் மணி அடிப்பேன். அடித்தால் எந்த வேலையும் எப்படி இருக்கிறதோ அப்படியே நிற்க வேண்டும். கையில் ஸ்பானர் இருந்தால் அதே இடத்தில் வைக்க வேண்டும். தேநீர் ஆறினால் எனக்குப் பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அன்றும் அடித்தேன். ட்ரெவர் தன் வழியாக ஏறிக் குதித்து வந்துவிட்டான்.

"சிரில் எங்க?" என்றேன்.

"உள்ள நனைஞ்சுகிட்டு இருக்கான்."

"டீ ஆறுது. கூப்பிடு."

"வருவான் விடுங்க. மூடியத் திறக்கத் தெரியாதவனா அவன்?"

ட்ரெவர் இரண்டாவது கோப்பையும் குடித்தான். விதைக் கேக்கில் எள் குறைவு என்று குறை சொன்னான். அதில் போடுவது எள் அல்ல, சீமைச்சோம்பு என்று நான் பாடம் எடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் போனது. தண்ணீர் இரைச்சலுக்குள் டொக் டொக் என்று ஏதோ கேட்பதாக எனக்குத்தான் முதலில் பட்டது.

போய்ப் பார்த்தோம். பீரங்கிக் குழல் சற்று இடப்பக்கம் திரும்பி, சரியாக ஓட்டுநர் மூடிக்கு மேலே நின்றது. மூடி இரண்டு விரல் அளவு எழும், குழலில் இடிக்கும், நின்றுவிடும். அந்த இரண்டு விரல் இடுக்கில் சிரிலின் நான்கு விரல்கள் தெரிந்தன. பக்கத்து இருக்கை முழுக்க உதிரிப்பாகப் பெட்டிகள். அந்த வழியும் இல்லை.

ட்ரெவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சிரில் பயலே, அங்கயே இரு, டீய ஊத்திவிடறேன்" என்றான். எங்கள் ஊரில் ஐம்பத்தாறு வயதானாலும் ஆண்பிள்ளை பயல்தான். நானும் சிரித்தேன். மறைக்கவில்லை.

குழலைத் திருப்பினார்கள். மூடி திறந்தது. சிரில் நனைந்த தலையோடு வெளியே வந்தான். விரல்களில் தோல் வழன்றிருந்தது. எங்களைத் தாண்டி நேராகச் சுவருக்குப் போய் அந்தப் படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

ட்ரெவரின் சிரிப்பு நின்றது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி தேவையே இல்லை. எரிந்த பிளேக்னியின் பீரங்கி இடப்பக்கம் திரும்பி, ஓட்டுநர் மூடிக்கு மேலே கிடந்தது. பதினான்கு வருடம் மண்வெட்டிக் கொக்கியைத் தேடிய கண்களில் அது படவில்லை.

"பழத்தோட்டத்து மூலைல ஜெர்மன்காரன் நின்னான், நான்தான் அவன் பக்கம் திருப்பினேன்னு அப்பா சொல்லுவாரு" என்றான் சிரில். "ஒரு குண்டு சுட்டேன்னு பெருமையாச் சொல்லுவாரு. அதுக்கப்புறம் என்னன்னு சொன்னதே இல்ல."

"அப்படியே போட்டுட்டுக் குதிச்சிருக்காரு" என்றான் ட்ரெவர்.

சிரில் அன்று மத்தியானம் முழுக்க ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு மேல்கூண்டில் உட்கார்ந்திருந்தான். ஜெர்மன் குண்டு அடித்தவுடன் டாங்கியில் மின்சாரம் போயிருக்கும். கையால்தான் திருப்ப வேண்டும். குழல் மூடியைவிட்டு விலகும் அளவுக்குத் திருப்ப எவ்வளவு நேரம் என்று மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் பன்னிரண்டு நொடி.

பிறகு ஐந்து வாரம் அவன் கொட்டகைப் பக்கம் வரவில்லை. ட்ரெவர் மட்டும் வந்து போனான். "செத்தவங்க ரெண்டு பேரும். யாருக்கு என்ன லாபம்? சொந்த அப்பன் பேர யாராவது நாறடிப்பாங்களா?" என்று என்னிடம் கேட்டான். எர்னி அந்தப் பன்னிரண்டு நொடி இருந்திருந்தால் அவரும் எரிந்திருப்பார். சிரில் பிறந்தே இருக்கமாட்டான். அது ஒரு கணக்கு. ஆனால் குதித்ததைச் சொல்லாமல், உறைந்துவிட்டான் என்ற பேச்சை முப்பத்தேழு வருடம் காதில் வாங்கிக்கொண்டு, கீலுக்கு எண்ணெய் விட்டதை எந்தக் கணக்கில் வைப்பது?

நினைவு ஞாயிறுக்கு முந்தைய வியாழன், டாங்கிக்கு சங்கிலிப் பட்டை இறுக்க சிரில் வந்திருந்தான். எழுதிய அப்பா பெயரைக் காணவில்லை. உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்தான். அப்போது மேவிஸ் வந்தாள், கையில் ஒரு சிறிய புகைப்படத்தோடு.

"இத உள்ள எங்கயாவது வெளிய தெரியாம ஒட்டிடு சிரில்" என்றாள். "தூண்கிட்ட டக்ளஸ் பேரச் சத்தமாப் படிக்க வேண்டாம். உறைஞ்சு போனவன் டாங்கியில போறான்னு யாராவது சிரிப்பாங்க. அவனும் ஒரு சுத்து போயிட்டு வரட்டும், அவ்வளவுதான்."

சிரில் படத்தை வாங்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"மிஸ் மேஸ், உங்கண்ணன் உறையல" என்றான். "எங்கப்பா பீரங்கிய அவர் தலைக்கு மேல நிறுத்திட்டுக் குதிச்சிட்டாரு. மூடி திறக்கவே திறக்காது. நடுவுல கியர்பெட்டி, அதத் தாண்டிப் பக்கத்து மூடிக்குப் போறதுக்குள்ள தீ வந்திடும். எங்கப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லல."

மேவிஸுக்கு அப்போது எழுபத்தொன்று. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "என்னை உள்ள இறக்கு" என்றாள்.

"வேண்டாம், மிஸ் மேஸ்."

"இறக்குடா."

ஏணி வைத்து, நானும் ட்ரெவரும் பிடித்து, அந்த இருக்கையில் உட்கார வைத்தோம். மூடியைச் சாத்தினோம். சிரில் மேல்கூண்டில் இறங்கி, குழலை அவள் தலைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினான். மூடி இரண்டு விரல் எழுந்தது. இடித்தது. இறங்கியது. திரும்ப எழுந்தது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. இடுக்கில் அவள் விரல்கள் வெளியே வந்து குழலின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தன. கடைசியில் ஒரு தட்டு கேட்டது, சின்னதாக. சிரில் கைச்சக்கரத்தைச் சுற்றினான்.

ஞாயிறன்று டாங்கி தூண் வரை போனது. பீரங்கியைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பியிருந்தார்கள். ஓட்டுநர் மூடி திறந்திருந்தது; அதற்குக் கீழே 'ட. மேஸ்' என்று வெள்ளை எழுத்து. தூணருகே சிரில் இறங்கி, நடந்ததை ஊர் முன்னால் சொன்னான், ஐந்தே வாக்கியத்தில். அதன் பிறகு எர்னியின் கல்லறைக்கு யாரும் பூ வைப்பதில்லை. சிரில் மட்டும் வைக்கிறான். அந்த டாங்கியை அவன் மறுபடி கிளப்பவும் இல்லை. முப்பது பிளக்கையும் கழற்றி எண்ணெயில் போட்டு வைத்திருக்கிறான்.

ஆனால் அந்த வியாழக்கிழமை ஏணியில் இறங்கி வந்த மேவிஸ், சிரிலின் தோளில் கை வைத்து, 'உங்கப்பாவை நான் மன்னிச்சிட்டேன்' என்று சொன்னாள். அதை என் காதால் கேட்டேன். கதையை அங்கே முடிப்பதுதான் சரி.

இந்தத் தாளை மேவிஸ் இரண்டு தடவை படித்தாள். பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள். "தோள்ல கை வெச்சது, கால் நடுங்கினதால. திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டேன். பன்னெண்டு நொடின்னான். எண்ணிக் காட்டுன்னேன். எண்ணினான். அவ்வளவுதான் நடந்துச்சு. அத எழுது."