எங்கள் வாசலில் நின்ற டெம்போ

எங்கள் அப்பா இல்லாத முதல் ஆண்டு முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், அப்பா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தாம் குறைவு. மகள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

பெருங்கடவிளையில் பிறந்த அப்பா, படிப்பு பாதியில் நின்றுபோக, பந்தல் வேலைக்குப் போனார். அம்மாவைக் கைப்பிடித்த பிறகு உதியன்குளங்கரையில் சொந்தமாக வாடகைக் கடை போட்டார். நாற்காலி, மேசை, தார்ப்பாய், அண்டா எல்லாம் உண்டு. இரண்டு டெம்போவும் ஓடின. கல்யாண வீட்டில் கறாராகப் பேசி வாங்குவார். மரண வீட்டில் வாய் திறக்க மாட்டார். கொடுத்தால் வாங்குவார், இல்லாவிட்டால் நாற்காலிகளைத் துடைத்து ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். கல்யாண வாடகையில்தான் மரண வீடுகள் நடந்தன.

பிறகு கல்யாணங்கள் எல்லாம் ஏசி ஆடிட்டோரியங்களுக்குப் போயின. அப்பாவுக்கு மரணங்கள் மட்டும் மிஞ்சின. அம்மாவும் எங்களை விட்டுப் போன நேரம் அது. இனி இது கட்டுப்படியாகாது, முதலிலேயே வாடகை பேசிவிடுங்கள் என்று நானும் வளைகுடாவில் இருக்கும் தம்பியும் நச்சரித்தோம். திருப்புறத்தில் ஒரே ஒரு வீட்டில் பேசினார். இறந்தவரின் மனைவி, சவப்பெட்டிக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே நீட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அப்பா நாற்காலிகளை இறக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

“எனக்கு இனி நாக்கு எழும்பாது மக்கா. கடை நின்னா நிக்கட்டு,” என்றார்.

கடை நிற்கவில்லை, சுருங்கியது. ஒரு டெம்போவை விற்றார். கூலி கொடுக்க முடியாமல் உதவியாளரை அனுப்பிவிட்டு, அந்த வயதில் தாமே சுமந்தார்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று வந்தது. அப்பாவின் வண்டி எங்கே நின்றாலும் ஜனங்கள் முகம் மாறி, “ஆருக்கு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்குப் பயந்து அப்பா வண்டியை ஜங்ஷனிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருவார். உறவினர் வீடுகளுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். நெய்யாற்றின்கரையில் என் வீட்டுக்கு பஸ்ஸில்தான் வருவார். டெம்போவில் வந்தால் என்ன என்று ஒருநாள் கோபித்தேன்.

“உனக்க மாமியாருக்கு நெஞ்சுவலி உண்டு. வண்டியக் கண்டா வெறுதே பயப்படும்,” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூச்சுத்திணறலால் சில வாரம் படுத்திருந்து, ஒரு விடியலில் அப்பா கண்மூடினார். பழைய உதவியாளர் வந்து, ஜங்ஷனில் கிடந்த வண்டியில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா போன நாளுக்குப் பிறகு அன்றுதான் அது நாற்காலிகளோடு எங்கள் வாசலில் நின்றது. நாங்கள் யாருக்கும் சொல்லி முடிக்குமுன் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். ஒருவர் பழக்கத்தில் “ஆருக்கு?” என்று கேட்டுவிட்டார். எப்போதும் அதற்குப் பதில் சொல்கிறவர் உள்ளே படுத்திருந்தார்.

அன்று நாற்காலிகளைச் சுமந்தவர்கள், ஜெபித்த போதகர், குழி வெட்டியவர்கள், அடுப்பு மூட்டாத எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் அனைவருக்கும் நன்றி. கடையை நடத்த எங்களுக்கு வகையில்லை. நாற்காலிகளைச் சபைக்குக் கொடுத்துவிட்டோம். வண்டியை மட்டும் விற்கவில்லை. அது இப்போது வாசலில்தான் நிற்கிறது. அதைக் கண்டு இனி யாரும் பயப்பட வேண்டாம். ஒன்றும் இல்லாத ஒருநாளில், சும்மா, வந்து உட்காருங்கள்.