என் தூக்கத்துக்காகக் குத்தாமல் விட்ட நெல்

துறைமுகத்தில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்குத் தெருவில் எல்லோரும் எதிரிகள்தான். கீரைக்காரி எதிரி, கோலி விளையாடுகிற பையன்கள் எதிரி, காக்கை எதிரி. எல்லோரையும்விடப் பெரிய எதிரி பக்கத்து வீட்டுப் பெண்ணின் உலக்கை.

அது யுத்த காலம். கப்பல்கள் தொலைவில் கடலிலேயே நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு கரைக்கு வரும். வருகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க் வேலை எனக்கு. கப்பல் வந்துவிட்டால் விடிய விடிய வேலைதான். காலையில் வீட்டுக்கு வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்தேனோ இல்லையோ, சுவருக்கு அந்தப் பக்கம் 'தொம் தொம்' என்று ஆரம்பிக்கும். அவள் நாலைந்து வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுத்துப் பிழைத்தாள். புருஷன் ரங்கூனில் கடைக் கணக்குப்பிள்ளை. யுத்தம் அங்கேயும் போன பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த உலக்கைதான் சோறு போட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, இந்த வீட்டில் மனுஷன் இருப்பதா சாவதா என்று கத்தினேன். என் மனைவி போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் முதல் உலக்கைச் சத்தம் இல்லை. அவள் நெல்லைப் பெட்டியில் சுமந்துகொண்டு, ஊரின் மறு கோடியில் இருந்த மதினி வீட்டுக்குப் போய்க் குத்தத் தொடங்கினாள். அவளைப் பார்த்துத் தெருவே அடங்கிப்போனது. கீரைக்காரிகூட எங்கள் வாசலைக் கூவாமல் கடந்தாள்.

அப்படியும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சத்தமில்லாத வீட்டில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். இதை யாரிடம் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைத்தெருவில் ஒரு இங்கிலீஷ் மருந்துக் கடை இருந்தது. சீட்டு, டாக்டர் ஒன்றும் வேண்டாம். சீசாவை நாமே கொண்டுபோனால் கம்பவுண்டர் தூக்கத்துக்கென்று புரோமைடு மிக்சர் ஊற்றிக் கொடுப்பார். சீசாவின் பக்கத்தில், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டியிருப்பார். வாயில் வைத்தால் ஒரே உப்பு. உப்பளத்து ஊரில் காசு கொடுத்து உப்புத் தண்ணீர் குடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மனைவியிடம் வயிற்றுக்கு என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பினாள்.

பிறகு என் ஆராய்ச்சி ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் குடித்துப் பார்த்தேன், கஞ்சிக்குப் பிறகு பார்த்தேன், மோரில் கலந்தும் பார்த்தேன். ஒரு பல் அளவுக்குக் கண் சொருகும், ஆனால் காது விழித்திருக்கும். இரண்டு பல் குடித்தால் காதும் சேர்ந்து தூங்கிவிடும். கம்பவுண்டர் சொன்னது ஒன்று. நான் குடித்தது இரண்டு. ஒரு நாள் எங்கள் தெரு வழியாகச் சப்பரம் போயிருக்கிறது, மேளமும் வேட்டுமாக. நான் அசையவில்லை. "வேட்டுச் சத்தத்துக்குக்கூட எந்திரிக்கலியே, அம்புட்டு அலுப்பா?" என்று சாயங்காலம் மனைவி கண் கலங்கினாள்.

அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வேட்டுக்கு எழாதவன் உலக்கைக்கு எழப் போவதில்லை, அவள் இங்கேயே குத்தட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மயக்க மருந்து குடிக்கிறவன் என்று பேர் வாங்கப் பயம் ஒரு பக்கம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தூக்கத்துக்காக ஒரு தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நடந்தது எனக்குப் பிடித்திருந்தது. கப்பலில் வருகிற துரையிலிருந்து தோணிக்காரன் வரை என்னை விரட்டுகிற உலகத்தில், அந்தத் தெருவில் மட்டும் நான் பெரிய மனுஷன்.

கொஞ்ச நாளில் நெற்றியிலும் தோளிலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. மூட்டைக் கணக்கும் தடுமாறியது. மருந்தின் வேலைதான் என்று சந்தேகப்பட்டு, அது இல்லாமல் தூங்க முடிகிறதா பார்க்கலாம் என்று ஒரு நாள் குடிக்காமல் படுத்தேன். அன்று பார்த்துத்தான் பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் கொல்லை வாசலுக்கு வந்தாள். மதினி வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அம்மை கண்ட வீட்டில் இடிக்கவும் கூடாது, தாளிக்கவும் கூடாது. கல்யாண வீட்டு நெல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, இன்று ஒரு பொழுது மட்டும் தன் வீட்டிலேயே குத்திக்கொள்ளலாமா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

என் மனைவி தயங்கினாள். "இப்பதாம்மா அவுகளுக்கு ஒறக்கம் புடிக்கி" என்றாள்.

"சரிக்கா" என்று அவள் போய்விட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். குத்தட்டும் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அன்று மருந்து இல்லை. சத்தம் வந்தால் என் சோதனை கெட்டுவிடுமே என்று பேசாமல் கிடந்தேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. கல்யாண வீட்டு நெல் மில்லுக்குப் போய்விட்டது. அந்த வீட்டார் அதோடு அவளிடம் நெல் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாரமே அவள் நுங்கோடு வந்தாள். ராத்திரி முழித்த சூடுதான் கொப்புளமாகக் கிளம்புகிறது, நுங்குத் தண்ணியைத் தடவினால் ஆறும் என்று என் மனைவியிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். மனைவி அந்தக் குளிர்ந்த தண்ணீரை நெற்றியில் தடவத் தடவ எனக்குத் தாங்கவில்லை. சீசாவை எடுத்துவந்து முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சீசாவைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "அவகிட்ட இல்லன்னு சொன்னது என் வாய். எந்த மூஞ்சியோட நான் போவேன்? நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். அவள் முற்றத்தில் தவிடு புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மருந்து குடிச்சா ஒண்ணுமே காதுல விழாதா, அண்ணாச்சி?"

விழாது என்றேன்.

"கப்பல் இல்லாத நாள்ல ராத்திரி வீட்டுல ஒறங்குவியள்லா. அன்னைக்கெல்லாம் சேலையை வாயில வச்சு அடைச்சுக்கிட்டுத்தான் அழுவேன், ஒங்களுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் சாத்தியிருந்த உலக்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பம் நாளையிலேருந்து இங்கனயே குத்திக்கிடட்டுமா, அண்ணாச்சி?" என்று அப்போதும் என்னிடம்தான் அனுமதி கேட்டாள்.